சோழர் காலக் காவிரிப் படுகையில் பொன், காசு ஆகியவற்றின் தரம் காணல்: கண்டிப்பும் நிலைத்தன்மையும்

முன்னுரை

நாணயத்தின் தரத்தைப் பார்த்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் அண்மைக் காலத்தவை. அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் 1949இல் பழைய செப்புச் சென்ட் நாணயங்களுக்கென 1 முதல் 70 வரையிலான அளவுகோல் ஒன்றை வகுத்தார். அவ்வளவுகோலைத் தழுவி 1986இல் பி.சி.ஜி.எஸ். நிறுவனமும் 1987இல் என்.ஜி.சி. நிறுவனமும் தோன்றின. நாணயத்தின் தேய்வு, கீறல், பொலிவு ஆகியவற்றை நோக்கி ஓர் எண் வழங்குவதும், அந்நாணயத்தை நெகிழி உறையில் அடைத்து முத்திரையிடுவதும் இவற்றின் வழக்கம். இவற்றைப் பற்றிச் சேகரிப்பாளர் எழுப்பும் வினாக்கள் இரண்டு. தரம் கண்டிப்புடன் வழங்கப்படுகிறதா என்பது ஒன்று. இன்று ஒரு நாணயத்திற்குத் தந்த தரத்தையே பத்தாண்டு கழித்து, வேறொருவர் பார்க்கும்போதும் தருவார்களா என்பது மற்றொன்று. முன்னது கண்டிப்பைப் பற்றியது. பின்னது நிலைத்தன்மையைப் பற்றியது. இரண்டும் ஒன்றெனக் கருதப்படுவது உண்டு. ஆயின், மிகக் கண்டிப்பான நோட்டமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுமாயின் அதனை நம்பிப் பொருள் ஒப்படைத்தவன் ஏமாறவே செய்வான்.

இவ்விரு வினாக்களும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தஞ்சைப் பகுதியில் எழுந்திருந்தன. அங்கு அவை சேகரிப்பாளரின் வினாக்களாக இல்லை. கோயிலுக்குப் பொன்னும் காசும் கொடுத்து, அவற்றின் பொலிசையால் (வட்டியால்) சந்திரனும் சூரியனும் உள்ளவரை ஒரு விளக்கு எரிய வேண்டும் என விரும்பியவர்களின் வினாக்களாக இருந்தன. தஞ்சை இராசராசேச்சுரத்துக் கல்வெட்டுகளையும் அவற்றோடு தொடர்புடைய பிற சான்றுகளையும் கொண்டு, சோழர் காலத்தில் பொன்னும் காசும் தரம் காணப்பட்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

நோட்டம்: சொல்லும் தொழிலும்

நாணயத்தின் தன்மையை ஆராய்வோனை வண்ணக்கன் என்று பழந்தமிழ் வழங்கியது. வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் எனச் சங்கப் புலவர் சிலர் இத்தொழிற்பெயரோடு அறியப்படுகின்றனர். தொழிற்பெயரோடு ஊர்ப்பெயரும் சேர்ந்து வருவதை நோக்க, நோட்டம் பார்ப்போர் பல ஊர்களிலும் இருந்தனர் எனக் கொள்ளலாம். சிலப்பதிகார ஊர்காண் காதை மதுரைப் பொற்கடை வீதியைக் கூறுமிடத்துச் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் எனப் பொன்னை நான்காகப் பகுக்கிறது. அங்குப் பொன் ஒரே பொருளாகக் கருதப்படவில்லை. தரத்தால் வேறுபட்ட பொருள்களாகவே கருதப்பட்டது.

தட்டார் தொழிலின் சொற்கள் இன்னும் நுட்பமானவை. பொன்னை உரைத்துப் பார்க்கும் கருங்கல் உரைகல் அல்லது கட்டளைக்கல் எனப்பட்டது. மாற்று அறியப்பட்ட பொன்னை நுனியில் கொண்ட ஊசி உரையாணி எனப்பட்டது. ஐயுறும் பொன்னைக் கல்லில் ஒரு கோடு உரைத்து, அதன் அருகே உரையாணியாலும் ஒரு கோடு உரைத்து, இரண்டின் நிறத்தையும் ஒப்பிட்டு மாற்றுக் கூறுவர். உயர்ந்த பொன்னை ஆணிப்பொன் என வழங்குவதும் இவ்வாணியை ஒட்டியதே. மாற்று என்பது ஓர் எண் அளவு. பத்தரை மாற்றுத் தங்கம் என இன்றும் பேச்சில் வழங்கும் தொடர் அவ்வளவின் உச்சியைக் குறிப்பது. ஷெல்டனின் 70 போலவே, இதுவும் உச்சியில் ஓர் எண்ணை நிறுத்தி ஏனையவற்றை அதற்குக் கீழே வரிசைப்படுத்தும் முறையாகும்.

வேறுபாடும் உண்டு. இன்றைய நிறுவனங்கள் நாணயத்தின் புறநிலையைத் தரப்படுத்துகின்றன. பழைய நோட்டம் உலோகத்தின் அகநிலையை நாடியது. தேய்ந்த காசு நிறையில் குறையும். அக்குறையைத் தராசு சொல்லிவிடும். மாற்றுக் குறைந்த காசோ நிறையில் குறையாமலே ஏமாற்ற வல்லது. அதனைக் கண்டறிய உரைகல்லும் பழகிய கண்ணும் வேண்டும். அந்தக் கண் யாருடையது என்பதே இடர்ப்பாட்டின் தொடக்கம்.

ஆளும் கல்லும்

பொன் பார்ப்பவனுக்கு அத்தொழிலிலேயே ஒரு சபலம் உண்டு. உரைகல்லில் படியும் பொன் துகளை மெழுகால் ஒற்றிச் சேர்ப்பது தட்டார் வழக்கம். நாள்தோறும் பலருடைய பொன்னை உரைப்பவனிடம் துகளும் சேரும். அதனினும் பெரிய இடர், வேண்டியவரின் பொன்னுக்கு மாற்றைக் கூட்டியும் வேண்டாதவரின் பொன்னுக்குக் குறைத்தும் கூற இயலும் என்பது. ஊர்ச்சபைகள் இதனை அறிந்திருந்தன. இதற்குரிய தெளிவான சான்று காவிரிப் படுகைக்கு வடக்கே, தொண்டைமண்டலத்து உத்தரமேரூரில் கிடைக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து (907–955) அவ்வூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. அவற்றில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு பொன்வாரியமும் இடம்பெறுகிறது. பொன்வாரியத்துக்கு அறுவர். முந்திய மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் அமர்தல் ஆகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதி இழப்பர்.

இவ்விதிகளைக் குடியாட்சியின் பெருமையாக மட்டும் எடுத்துக்காட்டுவது பொதுவழக்காகிவிட்டது. பொன்னைப் பொறுத்தவரை இவற்றுக்கு வேறொரு விளைவு உண்டு. ஆண்டுதோறும் ஆள் மாறுவாராயின் ஒருவருடைய கண்பழக்கம் ஊரின் அளவாக நிலைபெற இயலாது. சலுகை காட்டுவது இதனால் தடைப்படும். ஆனால் ஒருவர் பின் ஒருவராக வருவோரின் முடிவுகள் ஒத்திருக்கும் என்பதற்கும் உறுதி இல்லாமற் போகும். ஆள் மாற்றம் நேர்மைக்கு உதவுகிறது, நிலைத்தன்மைக்கு இடையூறாகிறது. இந்த இடைவெளியை ஆளுக்கு வெளியே நிற்கும் ஒரு பொருளைக் கொண்டுதான் நிரப்ப முடியும். சோழர் காலக் கல்வெட்டுகளில் அப்பொருள் எடைக்கல்லாகும்.

பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் பொன் கொடையைக் குறிக்கும்போது எந்தக் கல்லால் நிறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதும் வழக்கம் பரவலாக உண்டு. விடேல்விடுகு என்னும் கல் பல்லவர் காலத்திலிருந்தே வருவது. குடிஞைக்கல் சோழநாட்டில் பெருவழக்கு. ஊர்க்கல் என அந்தந்த ஊரின் கல்லைச் சுட்டுவதும் உண்டு. நிறையோடு தரத்தையும் கூறத் துளை நிறை செம்பொன், தீப்போக்குச் செம்பொன், ஊர்க்கற் செம்மைப் பொன் என்னும் தொடர்கள் ஆளப்பட்டன. துளை என்பது பொன்னின் மாற்றைச் சுட்டும் கல்வெட்டுச் சொல். தீப்போக்கு என்பது தீயிலிட்டுத் தூய்மை காணப்பட்டதை உணர்த்தும். ஆக, ஒரு கொடையில் பொன்னின் பெயர் வரும்போது அது எவ்வளவு, எந்தக் கல்லால், எத்தகைய சோதனைக்குப்பின் என்னும் மூன்றும் உடன்வருகின்றன. இது கண்டிப்புக்குச் சான்று. ஆயினும் ஊருக்கு ஊர் கல் வேறு. ஓர் ஊரின் கழஞ்சு மற்றோர் ஊரில் அதே கழஞ்சாக நிறுக்கும் என்பதற்கு இத்தொடர்களில் உறுதி இல்லை.

இராசராசேச்சுரத்தின் அளவைகள்

1010ஐ ஒட்டிய ஆண்டுகளில் தஞ்சைப் பெரியகோயிலில் இந்நிலை மாறுகிறது. தான் கொடுத்தனவும், தன் அக்கன் கொடுத்தனவும், தன் பெண்டுகள் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் திருவிமானத்துக் கல்லிலே வெட்டப்பட வேண்டும் என இராசராசன் ஆணையிட்டான். ஹூல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி அக்கல்வெட்டுகளை அளிக்கிறது. அவற்றைத் தொடர்ந்து படிப்பவருக்கு அலுப்பூட்டும் அளவுக்கு ஒரு தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. பொன் ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது. மணிகள் பதித்த அணிகலன்கள் தக்ஷிணமேருவிடங்கன் என்னும் கல்லால் நிறுக்கப்பட்டன. இரண்டும் அக்கோயிலின் இறைவன் பெயர்கள். நெல் அளக்கும் மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். அது இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒக்கும் என்ற விளக்கமும் உடன்வருகிறது. செப்புத் திருமேனிகளின் உயரம் கோயிலில் உள்ள முழத்தால் அளக்கப்பட்டது.

பக்திப் பெயர்களாக மட்டும் இவற்றைக் கொள்ளுதல் போதாது. பெயர் பெற்ற கல் ஒன்று கோயிலில் உள்ளது என்றால், பின்வரும் எவரும் அப்பொருளை மீண்டும் அதே கல்லில் வைத்துப் பார்க்க இயலும். கல்வெட்டு சொல்வது ஒருவருடைய கருத்தன்று. திரும்பச் செய்யத்தக்க ஒரு சோதனையின் முடிவு. விமானத்தின் செப்புக்குடம் 3083 பலம் என்றும் அதன்மேல் வேய்ந்த பொன் 2926½ கழஞ்சு என்றும் அரைக் கழஞ்சுவரை குறித்ததற்கு இதுவே பொருள். பிற அணிகலன்களில் கழஞ்சுக்குக் கீழே மஞ்சாடி, குன்றிவரை கணக்குச் செல்கிறது. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு; இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி.

தரம் காணலின் நுட்பம் மணிகளில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. முத்துகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து எனப் பகுக்கப்பட்டன. குளிர்ந்த நீர், சிவந்த நீர் என அவற்றின் ஒளியும் தனியே குறிக்கப்பட்டது. வயிரங்களில் முறிந்தவை, செம்புள்ளியாகிய இரத்தபிந்து உள்ளவை, கரும்புள்ளியாகிய காகபிந்து உள்ளவை, வெந்தவை ஆகியன மறைக்கப்படாமல் ‘உட்பட’ எனக் கணக்கில் சேர்க்கப்பட்டன. அரக்கும் பிஞ்சும் சேர்ந்த நிறை எனின் அதுவும் சொல்லப்பட்டது. சரடும் சட்டமும் நீக்கிய நிறை எனின் அதுவும் சொல்லப்பட்டது. இறுதியில் விலை இத்தனை காசு என்று முடியும்.

அரசனும் அரசன் அக்கன் பராந்தகன் குந்தவையாரும் கொடுத்த அணிகளில் குறையுள்ள கற்கள் இருந்தன என்பதைக் கோயில் சுவரிலேயே வெட்டிவைத்தது வியப்புக்குரியது. கொடையாளியின் பெருமையைப் பாடும் மெய்க்கீர்த்திக்கு அருகிலேயே காகபிந்துக் கணக்கும் உள்ளது. இதற்குக் காரணம், இத்தரம் விற்போனுக்கோ வாங்குவோனுக்கோ எழுதப்படவில்லை என்பதே. கோயிற் பண்டாரிகளையும் கணக்கரையும் நாட்டின் பல பிரமதேய ஊர்களின் சபைகள் அனுப்ப வேண்டும் என்று மற்றொரு கல்வெட்டு விதிக்கிறது. அவ்வாறு மாறி மாறி வருவோர் பொருளை ஏற்கும்போதும் ஒப்படைக்கும்போதும் நல்ல கல்லை எடுத்துக் குறைக்கல்லை வைக்காதிருக்க, குறையும் எழுதப்பட வேண்டும். குறையை எழுதாத பட்டியலில் கல்லை மாற்றுவது எளிது. விற்பனைக்காகத் தரம் காண்பவர் குறையைக் குறைத்துக் காட்டவும், மிகைப்படுத்தவும் காரணம் இருக்கக்கூடும். காவலுக்காகத் தரம் காண்பவருக்கு இரண்டாலும் பயனில்லை.

காசு என்னும் நகரும் அளவு

இவ்வளவு கண்டிப்பும் பொன்னுக்கும் மணிக்கும் உரியது. காசுக்கு அவ்வாறு இல்லை. தஞ்சைக் கல்வெட்டுகளில் காசு பெரும்பாலும் நிறையோ துளையோ சொல்லப்படாமல் எண்ணிக்கையாகவே வருகிறது. காசு அரைக் கழஞ்சு எனக் கொள்வது அறிஞர் வழக்கு. பன்னிரண்டு அக்கம் ஒரு காசு என்பது கல்வெட்டுகளாலேயே தெளிவாகிறது. காசு எந்தக் கல்லில் நிறுக்கப்பட்டது என்று எழுதுவதற்குத் தேவை அன்று இருந்திராது. அரசன் பெயரால் வழங்கும் காசு அரசன் கோயிலில் ஐயத்திற்கு உரியதாக இல்லை. நெருங்கிய காலத்தில் ஈழக்காசு போன்றவையும் சோழநாட்டில் வழங்கின என்பதையும், காசு என்னும் ஒரே சொல் பல மாற்றுள்ள பொருள்களைக் குறித்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த அமைதி சற்றுத் துணிவானதே.

இதன் விளைவைச் சுமந்தவர் காவிரிப் படுகையின் நெல் விளைவிக்கும் ஊரார். கோயிலுக்கு வந்த காசு ஊர்ச்சபைகளிடம் முதலாக வைக்கப்பட்டது. பொலிசை ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு, நூற்றுக்குப் பன்னிரண்டரை. சில முதல்களுக்குப் பொலிசை நெல்லாக விதிக்கப்பட்டது: காசு ஒன்றுக்கு முக்குறுணி. காசுக்கு இருகலம் என்ற விலையில், இருபத்து நான்கு குறுணியில் மூன்று குறுணி சரியாக எட்டில் ஒன்று. அன்றைய நிலையில் இரண்டு விதிகளும் ஒன்றே.

ஆனால் அவை என்றும் ஒன்றாக இருக்க இயலாது. இம்முதல்கள் அழியாதவையாகக் கருதப்பட்டவை. காசின் மாற்றுக் குறையுமாயின், பொலிசையைக் காசாகச் செலுத்தும் ஊர் ஆதாயம் பெறும். கோயில் அதே எண்ணிக்கையைப் பெற்றுக் குறைந்த நெய்யை வாங்கும். பொலிசையை ஆடவல்லான் மரக்காலால் நெல்லாகச் செலுத்தும் ஊர் தன் சுமையை அப்படியே தாங்கும். பெற்ற காசு தேய்ந்துபோனாலும் ஊரார் அளக்க வேண்டிய மரக்கால் தேய்வதில்லை. மரக்கால் ஒரு பொருள். காசு ஒரு பெயர். கண்டிப்பு இரண்டிலும் இருந்திருக்கலாம். நிலைத்தன்மை ஒன்றில் மட்டுமே இருந்தது.

பின்வந்த எழுத்தர் இதனை உணர்ந்தனர் என்பதற்குக் கல்வெட்டு நடையே சான்று. பொன்னின் தரத்தைக் கூற மதுராந்தகன் மாடை என்னும் பழைய நாணயத்தை அளவாகக் கொண்டு, அதனோடு ஒக்கும் பொன் என எழுதும் வழக்கு பதினோராம் நூற்றாண்டில் காணப்படுகிறது. ஒரு நாணயமே உரையாணியின் இடத்தைப் பெற்றது. சோழராட்சியின் பிற்பகுதியில் அன்றாடு நற்காசு என்னும் தொடர் பெருகுகிறது. அன்றாடு நற்பழங்காசு என்றும் வருகிறது. அன்று வழங்கும் நல்ல காசு என்பது பொருள். நற்காசு என்ற சொல் கண்டிப்பைக் காட்டுகிறது: தீய காசும் உண்டு, அது ஏற்கப்படாது. அன்றாடு என்ற சொல்லோ நிலைத்தன்மையைக் கைவிடுகிறது: எது நல்லது என்பதை அந்நாளைய சந்தை தீர்மானிக்கும். பழங்காசு எனப் பழமையை நன்மைக்கு அடையாளமாக்கியதையும் நோக்க வேண்டும். நில விலைகள் ஆயிரக்கணக்கான காசுகளில் எழுதப்படும் இக்காலத்துக் காசு, இராசராசன் காலத்து அரைக் கழஞ்சுப் பொன்னாக இருக்க இயலாது. படுகையில் இன்றும் மிகுதியாகக் கிடைக்கும் சோழர் காசுகள் செம்பு என்பதும் இதனோடு இயையும்.

இவ்விடத்தில் தில்லியை ஒப்பிடலாம். அங்கே சுல்தான்களின் அக்கசாலையில் பணியாற்றிய தக்குர பேரு 1318இல் திரவிய பரீட்சை என்னும் நூலை எழுதி, பல நாட்டு நாணயங்களின் உலோகக் கலப்பையும் மதிப்பையும் தொகுத்தார். ஒரு நாணயம் பெயரால் ஒன்றாக இருப்பினும் உலோகத்தால் பலவாக இருக்கும் என்ற அறிவு அங்கு நூலாக வடிவெடுத்தது. தமிழகத்தில் அவ்வறிவு வண்ணக்கன் கையிலும் பத்திர எழுத்தரின் இரு சொற்களிலும் தங்கியது.

பிற்காலம் இதனையே பெரிதாக்கியது. மராத்தியர் காலத் தஞ்சையில் சக்கரம், பணம் ஆகியவற்றோடு நாகப்பட்டினத்து உலாந்தா வராகன், தரங்கம்பாடி டேனியர் காசு, பரங்கிப்பேட்டை வராகன், சென்னை நட்சத்திர வராகன் எனப் பல கலந்தன. பரங்கிப்பேட்டை வராகன் நட்சத்திர வராகனைவிட மாற்றுக் குறைந்தது. ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது சராப்புகள் கழித்த தொகை வட்டம் எனப்பட்டது. வட்டம் நோட்டத்தின் கூலி மட்டுமன்று; நிலையில்லாமையின் விலையும் அதுவே. நெல் விற்று வரிக்காசு தேடிய குடியானவர் அவ்விலையைத் தம் கையிலிருந்தே செலுத்தினர். 1818இல் சென்னை மாகாணம் ரூபாய்க்கு மாறியபோது 100 நட்சத்திர வராகனுக்கு 350 ரூபாய் என்று கம்பெனி வரையறுத்தது.

சாவா மூவாப் பேராடு

தரம் மாறும் பொருளை நம்பி மாறாத அறத்தை நிறுவுவது எப்படி என்ற வினாவுக்குச் சோழர் காலக் கொடையாளர் கண்ட விடை நோட்டத்துக்கு வெளியே உள்ளது. விளக்குக் கொடைகளில் ஆடுகள் சாவா மூவாப் பேராடு என எழுதப்பட்டன. ஆடு சாகும், மூப்படையும் என்பதை எழுதியவர் அறியாதவர் அல்லர். ஏற்ற இடையன் ஈன்ற குட்டிகளால் எண்ணிக்கையை நிறைவாக வைத்திருக்க வேண்டும் என்பதே தொடரின் பொருள். இதில் எவரும் ஆட்டைத் தரம் காண வேண்டுவதில்லை. நாள்தோறும் உழக்கு நெய் வந்தால் தரம் சரி. வராவிட்டால் இடையன் பொறுப்பு.

தஞ்சைப் பெரியகோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என ஈடு வகுக்கப்பட்டிருந்தது. விளக்குக்கெனக் காசு கொடுத்தவர்களும் உண்டு. அக்காசு பண்டாரத்தில் காசாக வைக்கப்படவில்லை; கால்நடையாக மாற்றப்பட்டு, இடையரிடம் பெயர்ப்பட்டியலுடன் ஒப்படைக்கப்பட்டது. நெய் அளந்த உழக்கு கோயிலில் இருந்தது.